கட்டும் உதிரியும்

ஆனி பிறந்து, குற்றாலச் சாரல் எங்கள் ஊர் வரைக்கும் எட்டிப் பார்க்கிற நாட்களில், தெருவிலிருந்த வாரியல்கள் இளைக்கத் தொடங்கின. முற்றம் பெருக்கும் ஈர்க்கு வாரியலை இரண்டு கைக்கும் அடங்காத பருமனில் கட்டிவைப்பாள் ஆச்சி. அது நாளடைவில் ஒரு கைப்பிடிக்குள் வந்துவிட்டது. காக்கா கூடு கட்டத் தூக்கிக்கொண்டு போகிறது என்றுதான் முதலில் பேசிக்கொண்டார்கள். அடுத்த வீட்டு வாரியலும் எதிர்வீட்டு வாரியலும் அதேபோல் மெலிந்த பிறகு, ரெண்டாப்பு படிக்கிற பிள்ளைகள் இருக்கும் வீட்டு ஈர்க்கின் மேல் மட்டும் காக்காவுக்கு ஏன் இத்தனை ஆசை என்று யாரோ கேட்டுவிட்டார்கள்.

“டீச்சர் கொண்டாரச் சொன்னாக” என்றேன்.

“எத்தனை?”

“நூறு.”

“நூறு குச்சியா? ஏன், அவ வீட்டுல வாரியல் இல்லையாமா?”

1975-ஆம் வருஷம். கடையத்துக்கும் ஆழ்வார்குறிச்சிக்கும் நடுவே, ரயில் நிற்காமல் கடந்துபோகும் ஒரு சிற்றூர். ஓடு வேய்ந்த நீளமான ஒரே கூடம்தான் பள்ளிக்கூடம். ஒரு பாதியில் ஒண்ணாப்பு, மறு பாதியில் ரெண்டாப்பு. நடுவில் தட்டி ஒன்று இருந்தது. கண்ணுக்குத்தான் மறைப்பு, காதுக்கு இல்லை. இரண்டு பாதிக்கும் ஒரே டீச்சர்தான். அம்பாசமுத்திரத்தில் ரயில் ஏறி, ஆழ்வார்குறிச்சியில் இறங்கி, வயல் வரப்போடு நடந்து வருவார். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, சேறு ஒட்டின காலோடு வாசலில் வந்து நிற்கும்போதே “யார் யார் குச்சி கொண்டாந்தீங்க?” என்பார். காலைக் கழுவுவது அதற்குப் பிறகுதான்.

குச்சி என்றால் ஏதோ ஒரு குச்சி அல்ல. தென்னை ஈர்க்கின் அடிப்பாகத்தையும் நுனியையும் ஒடித்துவிட்டு, நடுவில் ஒரே பருமனாக இருக்கிற பகுதியை மட்டும் ஒரு சாண் நீளத்துக்கு நறுக்கவேண்டும். யார் சாண்? டீச்சர் சாண். அதற்காக அளவுக் குச்சி ஒன்றைச் சுவரில் ஆணியில் தொங்கவிட்டிருந்தார். பத்துக் குச்சியை எண்ணி வைத்து, நனைத்த வாழைநாரால் சுற்றி முடிச்சுப் போடவேண்டும். ரப்பர் வளையம் எல்லாம் கடைக்காரர் மேசைக்குள் இருக்கிற சாமான். எங்கள் கைக்கு வந்ததில்லை. பூக்கட்டத் தெரிந்த பெண்பிள்ளைகளின் கட்டு உருட்டினாலும் அவிழாது. பையன்கள் கட்டினது மத்தியானச் சாப்பாட்டு மணி அடிப்பதற்குள் நெகிழ்ந்துவிடும். டீச்சர் அதை எடுத்து மறுபடி கட்டச் சொல்வார். எண்ணி, அடுக்கி, நாரை இழுத்து முடிச்சுப் போடுகிற அந்த வேலைக்கே சில நாட்கள் போயின. கணக்கு என்ற பேச்சே எடுக்கவில்லை. தட்டிக்கு அந்தப் பக்கம் ஒண்ணாப்பு ‘அம்மா, ஆடு’ என்று கத்திக்கொண்டிருக்கும். இந்தப் பக்கம் நாங்கள் நார் கிழித்துக்கொண்டிருப்போம். பார்க்கிறவர்களுக்கு இது பள்ளிக்கூடமா பூக்கடையா என்று சந்தேகம் வந்திருக்கும்.

கட்டி முடித்த பிறகு ஒரு சட்டம். “கட்டுனதை யாரும் எண்ணப்படாது.” எண்ண வேண்டியதைக் கட்டுவதற்கு முன்னாலேயே எண்ணிக்கொள்ளவேண்டும். பக்கத்தில் இருக்கிறவன் ஒருதடவை எண்ணிச் சரி சொல்லவேண்டும். அதன்பிறகு அது பத்துதான். அதற்குள் ஒன்பது இருக்குமோ பதினொன்று இருக்குமோ என்று ஒருவன் சந்தேகப்பட்டு விரலை விட்டு நோண்டினால் டீச்சருக்குக் கோபம் வரும். அடிக்கிற ஆள் இல்லை அவர். “அவன் எண்ணுனான்லா? அப்பம் நம்பு” என்பார்.

இதன் அருமை எனக்கு அப்போது தெரியவில்லை. பிற்பாடு என் பிள்ளைகளுக்கும், அவர்களோடு படித்த பிள்ளைகளுக்கும் கணக்குச் சொல்லிக்கொடுக்க உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது. முப்பதோடு நாற்பதைக் கூட்டச் சொன்னால், முப்பதிலிருந்து முப்பத்தொன்று, முப்பத்திரண்டு என்று விரல்விட்டு நாற்பது தடவை எண்ணுகிற பிள்ளை எந்த வகுப்பிலும் உண்டு. அந்தப் பிள்ளைக்குக் கூட்டல் தெரியும். தெரியாதது ஒன்றுதான்: பத்தை ஒரு சாமானாகப் பார்க்க வராது. பத்து என்பது அதற்கு எப்போதும் பத்து ஒன்றுகள்.

கூட்டல் தொடங்கின அன்று, கூடத்தின் நடுவில் கோரைப்பாயை விரித்தார் டீச்சர். என்னிடமிருந்து மூன்று கட்டு, எனக்கு அடுத்திருந்தவனிடமிருந்து நாலு கட்டு. பாயில் வைத்தாயிற்று.

“எத்தனை கட்டு?”

“ஏழு கட்டு.”

“ஏழு கட்டுன்னா?”

“எழுவது.”

அவ்வளவுதான். பிறகு இரண்டும் ஐந்தும். பிறகு ஆறும் இரண்டும். “மூணு ஆடும் நாலு ஆடும்?” “ஏழு ஆடு.” “மூணு பத்தும் நாலு பத்தும்?” “ஏழு பத்து.” ஆட்டுக்கும் பத்துக்கும் நடுவில் ஒரு வித்தியாசமும் இல்லை என்கிறமாதிரி, கேள்வியை மாற்றி மாற்றிப் போடுவார். ஆடு, பத்து, பானை, பத்து, மாடு, பத்து. வேகம் கூடக்கூடச் சிரிப்பு வரும். சிரிப்புக்கு நடுவே பதில் தானாக வந்து விழும்.

அப்போதுதான் பாயின் அந்தக் கடைசியிலிருந்து ஒரு குரல் வந்தது.

“கட்டுன்னா இருவத்தஞ்சுல்லா டீச்சர்?”

அவளுடைய அம்மை பீடி சுற்றுகிறவள். எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு வீடு அந்த வேலை உண்டு. கடையில் இலையும் தூளும் வாங்கி வந்து, இலையை ஈரத்துணியில் சுற்றிவைத்து, தகர அளவை வைத்துக் கத்தரித்து, மடியில் சொளகைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தால், பேச்சும் பீடியும் ஒன்றாக ஓடும். இருபத்தைந்து பீடி ஒரு கட்டு. நாற்பது கட்டு ஆயிரம். கூலி ஆயிரத்துக்கு இவ்வளவு என்றுதான் பேச்சு. பள்ளிக்கூடம் விட்டுப் போனதும் அந்தப் பெண்ணுக்குக் கட்டு போடுவதும், தலைப்பை மடக்கிக்கொடுப்பதும் வேலை. கடையில் கணக்குப்பிள்ளை கட்டைக் கையில் எடுத்து ஒரு பார்வை பார்ப்பார். சரியில்லாததைக் கழித்துப் போட்டுவிடுவார். அப்படிக் கழிந்தது எத்தனை, அதை ஈடுகட்ட இன்னும் எத்தனை என்று அவளுக்கு நடந்துவரும்போதே தெரியும். கட்டு என்ற சொல்லை எங்கள் எல்லோரையும்விட நன்றாக அறிந்தவள் அவள்தான். அவளுக்கு அதில் இருபத்தைந்துதான் இருக்கமுடியும்.

டீச்சர் கொஞ்சநேரம் அவளையே பார்த்தார். “அது ஒங்க அம்மை கட்டு. இது ரெண்டாப்புக் கட்டு” என்றார். பிறகு, “சரிட்டி, ஒங்க அம்மை கட்டுல நாலு வச்சா எத்தனை?”

“நூறு.”

“எங்கக் கட்டுல?”

அவள் யோசித்து, “நாப்பது” என்றாள்.

“அப்பம் கட்டுன்னா எத்தனைன்னு யார் சொல்லணும்?”

“கட்டுனவுக சொல்லணும்.”

இந்தப் பதிலுக்கு டீச்சர் கைதட்டினார். நாங்களும் எதற்கு என்று தெரியாமல் தட்டினோம். எண்முறை என்பதே இப்படி ஒரு உடன்பாடுதான் என்று கல்லூரியில் பேராசிரியர் ஒருவர் பலகை நிறைய எழுதி விளக்கியபோது, எனக்கு அந்தப் பீடிக்காரப் பெண் சொன்னதைவிட அதிகமாக எதுவும் கிடைக்கவில்லை.

கழித்தலுக்கு வரும்போது கட்டுகளோடு உதிரியும் சேர்ந்துகொண்டது. கட்டாத தனிக் குச்சிக்கு உதிரி என்று பெயர். நாலு கட்டும் ஐந்து உதிரியும் நாற்பத்தைந்து. அதிலிருந்து இருபதைக் கொடு என்றால் எதை எடுப்பாய்? பாதிப் பிள்ளைகளின் கை முதலில் உதிரியின் மேல்தான் போகும். சில்லறையிலிருந்து கொடுக்கத் தொடங்குவது மனித சுபாவம்போல. “உதிரியைத் தொடாதலே, அது ஒன்ன என்ன செஞ்சுது?” என்பார் டீச்சர். இரண்டு கட்டு பாயைவிட்டுப் போகும். ஐந்து உதிரி இருந்த இடத்திலேயே கிடக்கும். நாற்பத்தைந்து, முப்பத்தைந்து, இருபத்தைந்து, பதினைந்து, ஐந்து. ஒவ்வொரு கட்டாகப் போகப்போக, கடைசி வரைக்கும் அந்த ஐந்தும் அசையவில்லை என்று காட்டுவதற்காக, உதிரியின் மேல் ஒரு புளியங்கொட்டையைக் காவலுக்கு வைத்துவிடுவார். பிறகு திருப்பிக் கொண்டுவருவார்: ஐந்து, பதினைந்து, இருபத்தைந்து. போனதும் வந்ததும் ஒரே வழி.

எங்கள் தெருவில் டியூஷன் எடுத்த சார்வாள் ஒருவர் இதற்கெல்லாம் பொறுமை இல்லாதவர். “மூணும் நாலும் ஏழு, பக்கத்துல சைபரைப் போடு, வேலை முடிஞ்சுது” என்பார். முடிந்துதான் போகும். முப்பதும் நாற்பதும் எழுபது. ஆனால் அவரிடம் படித்தவர்கள், முப்பதுக்குக் கீழே ஐந்தை எழுதிக் கூட்டச் சொன்னால், மூன்றுக்கு நேர்கீழே ஐந்தை எழுதி எண்பது என்று கொண்டுவருவார்கள். சைபர் எங்கிருந்து வந்தது என்று தெரியாத பிள்ளைக்கு ஐந்து எங்கே உட்காரவேண்டும் என்பதும் தெரியாது. குறுக்குவழிகளின் மேல் எனக்குப் பகை ஒன்றும் இல்லை. கட்டைத் தூக்கிப் பார்த்தவன் சைபரைப் போட்டால் அது குறுக்குவழி. தூக்கிப் பார்க்காதவன் போட்டால் அது மந்திரம். ஒருநாள் பலிக்கும், ஒருநாள் பலிக்காது.

சாரல் விட்டு வெயில் வந்ததும் பாயைச் சுருட்டிவைத்துவிட்டு எங்களை வெளியே கூட்டிப்போனார். வேப்பமரத்தடி மணலில் ஒரு கழியால் வரிசைக்குப் பத்தாகப் பத்து வரிசை கட்டம் கீறினார். ஒன்றிலிருந்து நூறு வரை. எண்களை எல்லாக் கட்டத்திலும் எழுதவில்லை. முதல் வரிசையையும் ஒவ்வொரு வரிசையின் கடைசிக் கட்டத்தையும் மட்டும் எழுதினார். மற்றதை நாங்கள் கண்டுபிடிக்கவேண்டும். நாலில் ஒருவனை நிறுத்தி, “பத்தைக் கூட்டு” என்பார். அவன் நேரே கீழ் வரிசைக்குக் குதிக்கவேண்டும். பதினாலு. மறுபடி, இருபத்துநாலு. “முப்பதைக் கழி” என்றால் மேலே மூன்று குதி. பதினாலில் நின்றுகொண்டு முப்பதைக் கழிக்கச் சொன்னால் கட்டத்தைவிட்டு வெளியே வேப்பமரத்தில் போய் முட்டவேண்டும். வேண்டுமென்றே அப்படிக் கேட்பார். முட்டினவனைப் பார்த்து எல்லோரும் சிரிப்போம். எதிர்ம எண் என்று ஒன்று இருப்பதை எனக்கு முதலில் காட்டியது அந்த மரம்தான்.

எங்களில் ஒருவன் கொஞ்சம் வசதிக்காரன். அவன் வீட்டில் நூறு கட்டம் போட்ட பாம்பு ஏணி அட்டை இருந்தது. மணலில் விளையாடுவதற்குப் பதில் அதை வைத்துக்கொள்ளலாமே என்று கொண்டுவந்தான். டீச்சர் வேண்டாம் என்றுவிட்டார். காரணம் பின்னாளில் அந்த அட்டையை உற்றுப் பார்த்தபோது விளங்கியது. அதில் முதல் வரிசை இடமிருந்து வலம் போகும். அடுத்த வரிசை வலமிருந்து இடம் திரும்பும். நாலுக்கு நேர் மேலே பதினாலு இருக்காது, பதினேழு இருக்கும். காய் நகர்த்துவதற்கு அது வசதி. பத்தைக் கூட்டினால் உதிரி மாறாது என்பதைப் பார்ப்பதற்கு அதைவிடக் கெட்ட படம் கிடையாது.

இதையெல்லாம் ராத்திரி தாத்தாவிடம் ஒப்பிப்பேன். தாத்தா திண்ணைப் பள்ளிக்கூடத்தில் எண்சுவடி படித்தவர். களத்தில் நெல் அளக்கும்போது ஒன்று என்று சொல்லமாட்டார். “லாபம்” என்று சொல்லித்தான் முதல் மரக்காலைத் தட்டுவார். எட்டுப் படி ஒரு மரக்கால், பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம் என்கிற உலகம் அவருடையது. பத்தின்மேல் அவருக்குத் தனி மரியாதை இருந்ததாகத் தெரியவில்லை. ஆனால் நான் கட்டு, உதிரி என்று சொன்னதும் எழுந்துபோய்த் தம் நெல்கணக்கு நோட்டை எடுத்துவந்தார். அரிக்கேன் விளக்கைத் தூண்டிவிட்டு, “இதை வாசி பாப்பம்” என்றார்.

எனக்கு வாசிக்க வரவில்லை. ௩௰௪ என்று இருந்தது. முதலில் இருப்பது மூன்று, நடுவில் இருப்பது பத்து, கடைசியில் இருப்பது நாலு என்று விரல் வைத்துக் காட்டினார். மூன்று பத்து நாலு, முப்பத்துநாலு. சைபர் என்ற ஒன்றே அந்த எழுத்தில் தேவைப்படவில்லை. முப்பது என்றால் ௩௰, நாற்பது என்றால் ௪௰. இரண்டையும் கூட்டினால் ௭௰. ‘௰’ என்ற எழுத்துக்கு நார் சுற்றியிருக்கிறதுபோலத் தோன்றியது எனக்கு. எங்கள் பாயில் கிடந்ததைத்தான் பழைய ஆட்கள் இரும்பு எழுத்தாணியால் ஓலையில் கீறி வைத்திருந்தார்கள்.

“தொண்ணூறுக்கு எப்படித் தாத்தா?” என்று கேட்டேன். கேட்கக் காரணம் இருந்தது. இருபது, முப்பது என்று எண்பதுவரை ஒழுங்காக வந்த பெயர், அதற்கு அடுத்த படியில் நூறைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடும். எட்டுக் கட்டுக்கு எண்பது என்று டக்கென்று சொல்கிற வகுப்பு, ஒன்பது கட்டைக் கண்டதும் ஒரு கணம் வாயடைத்துப்போகும். ‘ஒம்பதுபது’ என்று ஒருவன் சொல்லி, டீச்சரே சிரித்துவிட்டார். தாத்தா ௯௰ என்று எழுதினார். வாய்தான் தடுமாறுகிறது, எழுத்தில் ஒரு தடுமாற்றமும் இல்லை. மறுநாள் அதைச் சிலேட்டில் எழுதிக்கொண்டுபோய் டீச்சரிடம் காட்டினேன். அவர் அதைக் கரும்பலகையில் பெரிதாக எழுதி, துடைக்காமல் வெகுநாள் வைத்திருந்தார்.

பல வருஷங்களுக்குப் பிறகு சென்னையில் ஒரு மாண்டிசோரி பள்ளியில் பொன்னிற மணிகளைப் பார்த்தேன். பத்து மணி கோத்த கம்பி பத்து. பத்துக் கம்பி சேர்ந்த சதுரம் நூறு. பத்துச் சதுரம் அடுக்கிய கனம் ஆயிரம். மரியா மாண்டிசோரி 1939-ல் இந்தியாவுக்கு வந்து அடையாற்றில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தவர். போர்க்காலத்தில் கொடைக்கானலிலும் சில காலம் இருந்து பள்ளி நடத்தினார். அந்த மணிகளின் அழகைச் சொல்லி முடியாது. கையில் எடுத்தால் கீழே வைக்க மனம் வராது. ஆனால் ஒரு குறை எனக்குப் பட்டது. அந்தக் கம்பியைப் பிரிக்கமுடியாது. ஐம்பத்திரண்டிலிருந்து ஏழை எடுக்கவேண்டுமானால், ஒரு கம்பியைக் கொடுத்துவிட்டுப் பத்துத் தனி மணியை மாற்றி வாங்கவேண்டும். எங்கள் குச்சியில் மாற்றுகிற பேச்சே இல்லை. முடிச்சை அவிழ்த்தால் அதே குச்சி, அதே பத்து. பிரித்ததும் கட்டினதும் ஒன்றுதான் என்று நம்பவைக்க யாரும் வாய் வலிக்கப் பேசவேண்டியதில்லை. மணியும் பிளாஸ்டிக் கட்டைகளும் வரட்டும். சின்னப் பிள்ளைக்கு முதலில் தன் கையால் கட்டி, தன் கையால் அவிழ்க்கிற ஒன்றைத்தான் கொடுக்கவேண்டும் என்பேன்.

பள்ளிக்கூடத்தில் இப்படிப் பத்தாக ஓடிக்கொண்டிருந்த கணக்கு, வீட்டு வாசல்படி தாண்டினால் நின்றுவிடும். உள்ளே ஆச்சியின் ராஜ்யம். நாட்டில் பத்து அடிப்படையில் காசு வந்தது 1957 ஏப்ரல் மாதம். ரூபாய்க்குப் பதினாறு அணா என்பது போய், நூறு நயாபைசா என்று ஆனது. 1964-ல் ‘நயா’வும் போயிற்று. ஆச்சிக்கு எதுவும் போகவில்லை. ஓரம் நெளிந்த அலுமினியப் பத்துப் பைசாவைக் கையில் வைத்துக்கொண்டு, இது ஒண்ணரை அணாவுக்குக் கொஞ்சம் மேலே என்று சொல்லுவாள்.

எனக்கு அவளைத் திருத்திவிடலாம் என்ற எண்ணம். முந்தியில் முடிந்துவைத்திருந்த காசை வாங்கித் திண்ணையில் பரப்பினேன். ஒரு பத்து, இரண்டு பத்து, மூன்று பத்து. “ஏழு காசு ஆச்சி. எழுவது பைசா. முப்பதுக்குக் கருப்பட்டி வாங்கினா மூணு காசு போச்சு. மிச்சம்?”

“நாலு காசு.”

“அப்படின்னா?”

“நாப்பது. தெரியாமலா இருக்கேன்? நாலு காசை நாலுன்னு எண்ணத் தெரியாதவளா நானு?”

ஜெயித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு, நாலணாவுக்கு எத்தனை பைசா என்று கேட்டேன். இருபத்தைந்து என்றாள். ஓரணாவுக்கு? ஆறு என்றாள். இரண்டணாவுக்குப் பன்னிரண்டு. மூன்றணாவுக்குப் பத்தொன்பது. கடையில் அப்படித்தான் கொடுத்தார்கள், அப்படித்தான் வாங்கினார்கள். நான் விரலை மடக்கிப் பார்த்தேன். ஆறு, பன்னிரண்டு, பதினெட்டு, இருபத்துநாலு. மூன்றாவது அணாவிலேயே ஒரு பைசா எங்கிருந்தோ வந்து உட்கார்ந்திருந்தது.

டீச்சரிடம் கேட்டேன். ஓரணா என்பது ஆறேகால் பைசா, அந்தக் காலெல்லாம் சேர்ந்துதான் ஒன்றாகிறது, அதை அஞ்சாப்பில் படிப்பாய் என்றார். வந்து ஆச்சியிடம் சொன்னேன்.

“பாத்தியா? ஒங்க டீச்சர் அஞ்சாப்புக்குத் தள்ளிட்டா. ஓரணா ஓரணாவாக் கொண்டுபோனா கடைக்காரன் ஆறாறாத்தாம்லே எடுத்துக்கிட்டான். நாலு தடவைக்கு ஒரு பைசா அவன்கிட்டயே நின்னுபோச்சு. பதினெட்டு வருசமாக் கேட்டுக்கிட்டிருக்கேன், இன்னும் தரல.”